அயலுறவுக்கு முன்னால் அயல்மொழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு கல் நிற்கிறது. அதன் உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருக்கின்றன. 1911ஆம் ஆண்டில் காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்தபோது அதைக் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்ட அந்தக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனத்து மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹவின் கப்பல்களில் வந்து சேர்ந்தது. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தென்னிலங்கையின் தேவந்துறையில் கோயில் கொண்டிருந்த திருமாலை, தேனவரை நாயனார் என்ற பெயரால், போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமியருக்கானது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் காணிக்கையாக மூன்று தரப்புக்கும் அளிக்கப்பட்டன. கல்லின் முன் நின்றபோது என் கண் முதலில் தேடியது தமிழ் வரிகளைத்தான். பாரசீக எழுத்துகள் வெகுவாகத் தேய்ந்துபோயிருக்க, தமிழ் இன்னும் நம் முகம் பார்த்துப் பேசுகிறது.

இந்தக் கல்லை நல்லெண்ணத்தின் சின்னமாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தவர்கள் ஆவோம். இதே செங் ஹதான் 1411 வாக்கில் இலங்கையின் கோட்டை இராச்சியத்தோடு போரிட்டு, அதன் ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றவர். ஒரு நாடு பிறமொழியைக் கற்பதற்கும் அம்மொழியாரிடம் அன்பு கொள்வதற்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தப் பேரரசின் முன்யோசனையை நாம் கவனிக்க வேண்டும். 1407இலேயே பிறநாட்டு மொழிகளைக் கற்பிக்கவும் ஓலைகளை மொழிபெயர்க்கவும் அது அரசுப் பள்ளி ஒன்றை நிறுவியிருந்தது. கப்பல் கட்டிய கையோடு மொழியாளர்களையும் ஆக்கியது. யாருடைய கரையில் இறங்கப் போகிறோமோ அவர்களுடைய மொழி, இறங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

இன்று நான் சொல்ல வந்தது இந்த 'முன்பே' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான். அயலுறவு நெருக்கடிகள் ஒரே இரவில் வந்துவிடும். மொழி அப்படி வராது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதர்களுக்கு மொழி கற்பிக்க வகுத்திருக்கும் கணக்கில், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 2,200 வகுப்பு மணிநேரம், அதாவது 88 வாரங்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஏறத்தாழ 1,100 மணிநேரம். முழுநேரமும் வேறு வேலையின்றிப் படிப்பவர்களுக்கே இந்தக் கணக்கு.

அமெரிக்காவின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. கல்விச் சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' என்ற சொல் இருப்பதைப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் ஆறாம் பகுதி, அமெரிக்காவில் அரிதாகவே கற்பிக்கப்பட்ட மொழிகளுக்கு நிதி வழங்கியது. சிகாகோ, பென்சில்வேனியா முதலிய பல்கலைக்கழகங்களில் தமிழ் வகுப்புகள் வளர அந்த நிதி துணை நின்றது. அங்கே நம் இலக்கியத்தில் தோய்ந்த அறிஞர்கள் உருவாக, எங்கோ வானில் பறந்த ஓர் உருசியக் கோளும் ஒரு காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அச்சம் தணிந்தால் அக்கறையும் தணிந்துவிடும். 2001 செப்டம்பர் 10 அன்று இடைமறித்துக் கேட்கப்பட்ட இரண்டு அரபுச் செய்திகள், தாக்குதல் நடந்து முடிந்த மறுநாளான 12ஆம் தேதிதான் மொழிபெயர்க்கப்பட்டன என்று அடுத்த ஆண்டு செய்திகள் வெளிவந்தன. 2006இல் ஈராக் ஆய்வுக் குழு தந்த அறிக்கையில் ஒரு வரி உண்டு: பாக்தாத் தூதரகத்தில் பணியாற்றிய 1,000 பேரில் அரபு தெரிந்தவர்கள் 33 பேர், சரளமாகப் பேசக்கூடியவர்கள் 6 பேர். ஒரு நாட்டுக்குள் படையோடு நுழைந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, அந்த மக்களோடு நேராகப் பேசத் தூதரகத்தில் ஆறே பேர்! அதே 2006இல் மொழிக்கல்விக்குப் புதிய திட்டம் அறிவித்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 2011இல், அந்தப் பழைய ஆறாம் பகுதிக்கான நிதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை வெட்டினார்கள். ஒரு மாணவர் சேர்ந்து, தேறி, பிழையின்றிப் பேச ஆகும் காலத்துக்குள் அரசின் மனம் இருமுறை மாறிவிடுகிறது.

கைப்பேசியே மொழிபெயர்க்கும் காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வழி கேட்கவும் விலை பேசவும் கைப்பேசி போதும். ஒப்பந்தம் எழுத உட்காரும்போது நிலைமை வேறு. 1889இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் உச்சாலியில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 17ஆம் கூறு, அம்காரிய மொழியில் ஒன்றைச் சொன்னது, இத்தாலிய மொழியில் வேறொன்றைச் சொன்னது. பிற நாடுகளோடு உறவாட எத்தியோப்பியப் பேரரசர் இத்தாலியின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது அம்காரியப் படி. அப்படிப் பயன்படுத்த அவர் இசைந்துவிட்டார் என்றது இத்தாலியப் படி. அந்த வினைச்சொல்லைப் பற்றிக்கொண்டு எத்தியோப்பியா தன் காப்புநாடு என்று இத்தாலி அறிவித்தது. எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக் ஒப்பந்தத்தை மறுத்தார். 1896 மார்ச் 1 அன்று அட்வா போர்க்களத்தில் இத்தாலியப் படை தோற்றது. 'லாம்' என்ற விகுதிக்கும் 'இசைகிறார்' என்ற சொல்லுக்கும் இடையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் இரு படிகளையும் ஒருசேர வாசித்து, "இது பொருந்தவில்லை" என்று துணிந்து சொல்லும் ஆள் அரசனின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நம் பக்கம் வருகிறேன். இந்திய அயல்நாட்டுப் பணியில் சேரும் ஒவ்வொருவரும் ஓர் அயல்மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும் என்பது நல்ல விதி. 1954இல் சீனத்தோடு செய்த பஞ்சசீல ஒப்பந்தம் இந்தி, சீனம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதப்பட்டதை நினைவுகூரலாம். ஆனால் ஒரு சில அதிகாரிகளால் மட்டும் ஒரு நாட்டின் அயலுறவு நடந்துவிடுவதில்லை. செய்தியாளர், வணிகர், வழக்கறிஞர், ஆய்வாளர் எல்லாரும் சேர்ந்தே அதை நடத்துகிறார்கள். சென்னையில் ஜப்பானியமும் கொரியமும் ஜெர்மனும் கற்க இளைஞர்கள் திரள்கிறார்கள். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளும் வெளிநாட்டு வேலைகளும் அவர்களை அழைக்கின்றன. மகிழ்ச்சி. சந்தைக்கு வேண்டிய மொழியைச் சந்தையே கற்பித்துக்கொள்ளும். சந்தைக்கு வேண்டாத மொழி, அதே சமயம் நாட்டுக்கு இன்றியமையாத மொழி என்று சில உண்டு: சிங்களம், பர்மியம், மாலத்தீவின் திவேகி. அவற்றுக்கு அரசும் பல்கலைக்கழகமும்தான் பொறுப்பேற்க வேண்டும்.

நடுக்கடலில் இராமேசுவரத்து மீனவரின் படகும் இலங்கைக் கடற்படைப் படகும் எதிர்ப்படும்போது, அந்தச் சில நிமிடங்களில் இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பவை பல நேரங்களில் உடைந்த ஆங்கிலமும் கைச்சைகையும்தான். கரைக்கு வந்தபின் நடக்கும் பேச்சுவார்த்தைகளிலும், சிங்கள நாளேடுகள் இதைப் பற்றி என்ன எழுதுகின்றன என்பதை நேராக வாசித்துச் சொல்லத் தமிழகத்தில் எத்தனை பேரை நாம் ஆயத்தம் செய்திருக்கிறோம்? ஆங்கில ஏடுகளின் வழியாக வடிகட்டி வருவதை வைத்துக்கொண்டே அண்டை வீட்டாரின் மனத்தை அளக்கிறோம். இது எனக்குப் பெருங்கவலை.

அந்த மொழி நமக்குத் தொலைவானதும் இல்லை. 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பதைச் சிங்களத்தில் 'மம கெதர யனவா' என்பார்கள். 'மம' நான், 'கெதர' வீடு, 'யனவா' போவது. நம் சொல்வரிசை அப்படியே இருக்கிறது, வினை நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. அக்காவை அவர்களும் அக்கா என்றே அழைக்கிறார்கள். அமெரிக்கருக்கு 1,100 மணிநேரம் என்றால், நம் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும் என்று நம்புகிறேன். தமிழகத்தின் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு சிங்களத் துறை, இரண்டு ஆசிரியர்கள், ஆண்டுக்கு ஆறு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மூடுவதில்லை என்ற எழுத்து வடிவிலான உறுதி. இந்த அவையில் இருக்கும் கல்வியாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவே.