ஸ்ட்ராப்பியில் தலைப்பு வருகிறது, படம் மட்டும் ஏன் வரவில்லை?

ஸ்ட்ராப்பி என்பது இணையதளத்துக்கான எழுத்தையும் படங்களையும் அட்மின் பக்கத்தில் சேர்த்து வைத்து, தளம் கேட்கும்போது தரும் மென்பொருள். அதைப் பற்றி ஒரு கேள்வி. "ஸ்ட்ராப்பி 5-இல் முகப்புப் பக்கம் செய்து, அதை நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஃபெட்ச் செய்கிறேன். தலைப்பும் விளக்கமும் வருகின்றன. பேனர் படமும் கீழே உள்ள பகுதிகளும் வரவில்லை. அட்மினில் பார்த்தால் எல்லாம் இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சரி, முதலில் பக்கத்தைத் திரையில் காட்டும் ரியாக்ட் கோடை (நெக்ஸ்ட் ஜேஎஸ் ரியாக்டின் மேல் கட்டப்பட்டதுதான்) மூடி வையுங்கள். தப்பு அங்கே இல்லை. ஏபிஐ முகவரியை, அதாவது உங்கள் தளம் ஸ்ட்ராப்பியிடம் தகவல் கேட்கும் முகவரியை, அப்படியே பிரவுசரில் தட்டிப் பாருங்கள். பதிலாக வருகிற ஜேசனிலேயே (தகவலை எழுத்தாக அனுப்பும் வடிவம்) படம் இருக்காது.

எழுத்து, எண், தேதி போன்றவற்றை ஸ்ட்ராப்பி கேட்காமலே தரும். படம், ரிலேஷன் (வேறு பதிவுகளுடனான இணைப்பு), காம்போனென்ட் (ஒன்றாகச் சேர்த்துவைத்த ஃபீல்டுகள்), டைனமிக் ஸோன் (காம்போனென்டுகளை விருப்பப்படி அடுக்கும் இடம்) இவையெல்லாம் டேட்டாபேஸில் வேறு வேறு டேபிள்களில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இழுத்து வந்தால் சர்வர் திணறும். அதனால் நீங்கள் கேட்டால்தான் தரும். கேட்கும் வார்த்தை பாப்புலேட்.

முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, பாப்புலேட், சமக்குறி, நட்சத்திரம் (?populate=*) என்று சேருங்கள். பேனர் வந்துவிடும். ஆனால் பகுதிகளுக்குள் இருக்கும் படங்கள் அப்போதும் வராது. இங்கேதான் நிறைய பேர் சோர்ந்து போகிறார்கள். நட்சத்திரம் ஒரு அடுக்கை மட்டும்தான் திறக்கும். டிபன் கேரியரில் மேல் டப்பாவைத் திறந்தால் கீழ் டப்பா தானாகத் திறக்காது அல்லவா, அது மாதிரி. உள்ளே இருப்பதற்கு உள்ளேயே இன்னொரு பாப்புலேட் எழுத வேண்டும். டைனமிக் ஸோன் என்றால் ஆன் (on) என்று போட்டு, ஒவ்வொரு காம்போனென்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இவையெல்லாம் முகவரியில் சதுர அடைப்புக்குறிகளாக நீளும். அவற்றைக் கையால் எழுதாதீர்கள், ஒன்று விட்டாலும் போச்சு. க்யூஎஸ் (qs) என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. ஆப்ஜெக்டாக எழுதிக் கொடுங்கள், முகவரியை அதுவே கட்டித் தரும்.

எல்லா அடுக்கையும் ஒரே அடியில் திறக்கும் பிளகின்களும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பெரிய படம் ஒன்றைக் கேட்டாலே தம்ப்நெயில், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று நான்கு அளவுகளின் விவரமும் சேர்ந்து வரும். பத்துப் படங்களுக்கு யோசித்துப் பாருங்கள், போனில் பார்ப்பவரின் டேட்டாதான் கரையும். யூஆர்எல், மாற்று உரை, அகலம், உயரம் இந்த நான்கையும் ஃபீல்ட்ஸ் (fields) போட்டுப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

படம் வந்த பிறகும் திரையில் உடைந்து தெரிந்தால் யூஆர்எல்லைப் பாருங்கள். படங்களை ஸ்ட்ராப்பி இருக்கும் சர்வரிலேயே வைத்திருந்தால், அது சாய்வுக்கோடு, அப்லோட்ஸ் என்றுதான் தொடங்கும். முன்னால் ஸ்ட்ராப்பியின் முகவரியை நீங்கள்தான் ஒட்ட வேண்டும்.

அப்புறம், பழைய வீடியோ பார்த்து எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ட்ராப்பியின் நான்காம் பதிப்பில் ஜேசனில் டேட்டாவுக்குள் ஆட்ரிபியூட்ஸ் என்று ஓர் அடுக்கு, அதற்குள்தான் தலைப்பு. 2024-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நடுவில் அந்த ஆட்ரிபியூட்ஸ் கிடையாது. படத்துக்கும் அதேதான்.