தானமாக வாங்கிய மண்ணை விற்க யாரைக் கேட்டீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, வேலை முடிந்த கையோடு இந்தப் பாளையங்கோட்டைத் திடலுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

நகரத்துப் பூங்கா நிலத்தை விற்க மாமன்றத் தீர்மானமே, அதாவது கவுன்சிலர்கள் கூடிப் போடும் தீர்மானமே போதும் என்பது எதிரணி. போதாது, வாக்காளரின் ஒப்புதல் வேண்டும் என்பது நாங்கள்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார்கள். "ஓட்டுப் போட்டுத்தான கவுன்சிலர அனுப்புனிய, பொறவு எதுக்கு ஒங்கள இன்னொரு தடவ கேக்கணும்?" நல்ல கைதட்டல் கிடைத்தது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

அண்ணாச்சி, அந்த நிலம் மாநகராட்சி கைக்கு எப்படி வந்தது? இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் பிளாட் போடுகிறவர், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்து சென்ட். பிளாட் போட்டவர் அதைத் தன் மடியிலிருந்தா கொடுத்தார்? மிச்சத் தொண்ணூறு சென்டின் விலையில் ஏற்றித்தான் விற்றார். மகள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மனை வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்தப் பூங்காவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியது நீங்கள்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே தானமாக வாங்கிய மாட்டை மேலப்பாளையம் சந்தைக்கே ஓட்டிப் போகலாம் என்கிறீர்கள். கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

மாமன்றம் போதும் என்கிறீர்களே, மாமன்றமே இல்லாத காலத்தை மறந்துவிட்டீர்களா? 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலாக நம் திருநெல்வேலி மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர் கூடக் கிடையாது. மன்றத்தின் அதிகாரம் முழுவதும் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தது. உங்கள் வாதப்படி, ஒரே ஒரு கையெழுத்தில் ஒரு பூங்காவை விற்றிருக்கலாம். 55 வார்டு மக்களும் வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது.

"சட்டம் இருக்கே, கோர்ட் இருக்கே" என்றார் இன்னொரு அண்ணாச்சி. இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே நம் மாநிலம் சட்டம் போட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-இல் செல்லாது என்று தீர்ப்பானது. நல்ல தீர்ப்பு. ஆனால் நம் தெருவில் மாதச் சம்பளக்காரர் எத்தனை பேர் டெல்லி வரை வழக்கு நடத்துவார்கள்? கோர்ட் கதவைத் தட்டுவது விற்ற பிறகு. நாங்கள் கேட்பது விற்பதற்கு முன்னால். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலச் சட்டம் இதைத்தான் செய்கிறது. நகரப் பூங்காவை விற்க வேண்டுமானால் முதலில் தேர்தல் வைத்து, ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மையோரின் சம்மதம் வாங்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பெரியம்மை நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். கிராமசபை கூடினால் நடுவில் எழுந்து நின்று, "எங்க ஊர்ப் பொறம்போக்க யாரக் கேட்டு அளந்திய?" என்று கேட்பாள். டவுனுக்குக் குடிவந்த எனக்கு அந்த வாய் இல்லை. 2022-இல் நகரங்களுக்கும் கிராமசபை மாதிரி பகுதி சபை வந்தது. சந்தோஷம். அங்கே கருத்துக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவதோடு நிற்காமல், நிலத்தை விற்கும் விஷயத்தில் மாநகராட்சி எங்கள் வாக்குக்குக் கட்டுப்படட்டும்.

பணம் வேண்டும், குழாய் போட வேண்டும், சாக்கடை கட்ட வேண்டும் என்கிறீர்கள். நியாயமான தேவை. ஆனால் விதைநெல்லைக் குத்திப் பொங்கினால் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பது? குளமாகக் கிடந்த வேய்ந்தான்குளத்தில் பேருந்து நிலையம் கட்டினோம். அதை இனி யாரால் குளமாக்க முடியும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் திருநெல்வேலி சந்திப்புப் பகுதி தண்ணீரில் நின்றது. அன்றைக்கு மழையைக் குடிக்க இன்னும் கொஞ்சம் மண்தரை இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

"பூங்கா புதர் மண்டிக் கெடக்கு, குடிகாரப் பயலுவதான் உக்காந்திருக்கான்" என்றார்கள். அப்படியானால் புதரை வெட்டுங்கள், விளக்குப் போடுங்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எங்கள் அம்மை சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கேதான் போகிறாள். மெயின் ரோட்டில் அவளால் நடக்க முடியாது.

விற்றே தீர வேண்டுமா? எங்கள் தெருவுக்கு வாருங்கள். யார் வாங்குகிறார், என்ன விலை, அந்தப் பணம் எதற்கு, மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வார்டு முழுக்க ஓட்டுப் போடுகிறோம். விற்கலாம் என்று வந்தால், என் அம்மையைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன்; ஒரு வார்த்தை பேச மாட்டேன். நடுவர் அவர்களே, அந்த ஓட்டை எங்களுக்கு வாங்கிக் கொடுங்கள். வணக்கம்.