வெள்ளை முயல் காட்டிய காலிப் பெட்டி

நடுவர் ஐயா அவர்களே, அறுவடை வேலைக்கு நடுவிலும் இந்தக் கோபிசெட்டிபாளையம் மேடைக்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவைப் பழைய குழந்தைக் கதைகள் முன்பே காட்டினவா, இல்லையா என்பதே இன்றைய வழக்கு. காட்டின என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, அந்தக் கதைப் பெயர்களெல்லாம் மாலையில் செருகிய மரிக்கொழுந்து, வெறும் மணத்துக்காக வைத்தவை என்றார். முடிவு முன்பே தெரியும்படி இருந்தால், கடைசிப் பகுதி ஒளிபரப்பான 2010 மே மாதம் அத்தனை பேர் ஏன் ஏமாந்தோம் என்று கொதித்தார்கள் என்றும் கேட்டார்.

மரிக்கொழுந்தா என்று முதலில் பார்த்துவிடுவோம். இரண்டாம் பருவத்தில் தீவில் இருப்பவர்களிடம் ஒருவன் பிடிபடுகிறான். பலூனில் வந்து விழுந்தேன், என் பெயர் ஹென்றி கேல் என்கிறான். 1900-இல் வெளிவந்த ‘ஓஸ்’ கதையில் பலூனில் வந்து இறங்கி, மாயாவி என்று ஊரை நம்பவைத்தவன் ஒரு சாதாரண மனிதன். அந்தக் கதையின் நாயகி டோரத்தி கேல்; அவளுடைய மாமா பெயர் ஹென்றி. கதையைப் படித்தவருக்கு, பிடிபட்டவன் பொய்யன் என்பது அவன் வாய் திறந்ததுமே பிடிபட்டிருக்கும். பொய்யன்தான், பெயர் பென். இதை முடிவுக்குச் சான்றாக நான் வைக்கவில்லை. இங்கே பெயர்கள் வேலை செய்கின்றன என்பதற்கு மட்டும் வைக்கிறேன்.

முடிவுக்குச் சான்று முதல் பருவத்தின் ஐந்தாம் பகுதியிலேயே இருக்கிறது. 2004 அக்டோபரில் ஒளிபரப்பான அதன் தலைப்பு ‘வெள்ளை முயல்’. சிட்னியில் இறந்துபோன தகப்பனாரின் உடலைச் சவப்பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகிறார் மருத்துவர் ஜாக். விமானம் தீவில் விழுகிறது. அந்தத் தகப்பனார் காட்டுக்குள் நடமாடுவதைக் கண்டு பின்னாலேயே ஓடுகிறார். 1865-இல் வந்த கதையில் ஆலிஸ் முயலைத் துரத்திய அதே ஓட்டம். ஓடியவர் கண்டது குகை, தண்ணீர், தகப்பனாரின் பெட்டி. திறந்தால் உள்ளே உடல் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்துக் கடைசிப் பகுதி. ஒரு தேவாலயம். மீண்டும் தகப்பனாரின் பெட்டி. ஜாக் திறக்கிறார், காலி. திரும்பினால் தகப்பனார் நிற்கிறார். அப்போதுதான் தானும் இறந்தவன் என்பது ஜாக்குக்குப் புரிகிறது.

மூன்றாம் பருவத்தின் கடைசிப் பகுதிக்கு, ஆலிஸ் கண்ணாடிக்குள் போகும் இரண்டாம் கதையின் பெயரையே வைத்தார்கள். அந்தக் கதையில் வெள்ளை ராணி முதலில் அலறுவாள், பிறகுதான் விரலில் ஊசி குத்தும். அவளுடைய நினைவு முன்னும் பின்னும் ஓடும். அந்தப் பகுதியில் நாம் பழைய நாள் என்று நினைத்துப் பார்த்ததெல்லாம் பின்னால் வரப்போகும் நாள் என்று தெரியவந்தது. கடைசிப் பருவத்திலும் இதே போலத்தான்: வேறோர் உலக வாழ்க்கை என்று நாம் நம்பியது சாவுக்குப் பின்னால் உள்ள சந்திப்பு.

இனி நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய கதைப் புத்தகங்கள். தொடரில் ஒரு பெண்ணின் பெயர் சார்லட் ஸ்டேபிள்ஸ் லூயிஸ். நார்னியாவை எழுதியவர் கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ். ஐந்தாம் பருவத்தில் தீவுக்கு வழி கண்டுபிடிக்கும் நிலையத்துக்குப் பெயர் ‘விளக்குக் கம்பம்’. நார்னியாவுக்குள் நுழையும் குழந்தை முதலில் பார்ப்பதும் விளக்குக் கம்பம்தான். அப்படியானால் நார்னியா எப்படி முடிகிறது என்று கேட்க வேண்டாமா? 1956-இல் வந்த கடைசிப் புத்தகத்தில், நம் ஊர்க் கட்டுத்தரை போன்ற ஒரு சிறு தொழுவத்தின் கதவைத் தாண்டினால் உள்ளே ஓர் உலகமே விரிகிறது. முன்பே இறந்த நண்பர்கள் அங்கே எதிர்கொண்டு அழைக்கிறார்கள். ரயில் விபத்தில் தாங்கள் இறந்துவிட்டோம் என்பது வந்தவர்களுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. வெவ்வேறு காலத்தில் இறந்தவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், ஒரு கதவு திறக்கிறது, வெளிச்சம் வருகிறது. லாஸ்டின் கடைசிக் காட்சியும் இதுதானே ஐயா? அங்கே சூசன் என்ற ஒருத்தி மட்டும் வந்து சேரவில்லை. இங்கே பென் உள்ளே வராமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஏமாந்தோம் என்றவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மிச்சி மடியில் படுத்து உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவன் நான். பொன்னரும் சங்கரும் மாண்டுபோவார்கள் என்பது முதல் இரவிலேயே எல்லோருக்கும் தெரியும். தங்கை தங்காள் அவர்களை எழுப்பிப் பேசும் இரவுக்காகத்தான் கூட்டம் விடிய விடியக் காத்திருக்கும். அந்தத் தீவு என்ன, அதில் உலவிய கரும்புகை என்ன என்று விடை கேட்டவர்களுக்குக் குழந்தைக் கதைகள் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இது எந்த வகை முடிவு என்பதை அவை சொல்லின. இறந்தவரோடு ஒருமுறை பேசக் கிடைக்கும் முடிவு.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒரே கேள்வி: வெறும் மணத்துக்காக வைத்த முயல் என்றால், அது ஐந்தாம் பகுதியிலேயே ஜாக்கை அந்தக் காலிப் பெட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது ஏன்?