ஓசோன் குறைந்தது காற்றாலா, குளோரினாலா?

வணக்கம் நேயர்களே.

ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் எடுத்த அளவீடுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூவர் 1985-இல் அதை அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கும், அவ்வளவாகப் பேசப்படாத ஒரு சிக்கலைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். ஓசோன் குறைந்திருக்கிறது என்று அளந்து சொல்லிவிடலாம். அதில் வேதிவினையால் அழிந்தது எவ்வளவு, காற்று அள்ளிக்கொண்டு போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் பெரும்பாடு.

முதலில் அழிவு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, ஓசோன் நிறைந்திருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற உயர் அடுக்கில், காற்று ஒரு மாபெரும் சுழலாகச் சுற்றும். உள்ளே வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து மெல்லிய மேகங்கள் உண்டாகும். மனிதர்கள் வெளியேற்றிய குளோரின் அதுவரை ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்ற இரண்டு சாதுவான சேர்மங்களில் அடங்கிக் கிடக்கும். மேகத் துகளின் மேற்பரப்பில் இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு வெளியே வந்துவிடும். இதை 1986-இல் எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் சூசன் சாலமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அப்புறம் வெயில் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. வெளிச்சம் படப் பட ஓசோன் தின்னப்படும்.

தெற்கே சுழல் வலுவாக, நிலையாக நிற்பதால் கணக்கு ஓரளவு நேரானது. வடக்கேதான் தலைவலி. மலைகளும் கண்டங்களும் எழுப்பும் அலைகள் சுழலை இழுத்து நெளிக்கின்றன, சில ஆண்டுகளில் உடைத்தே போடுகின்றன. போதாக்குறைக்கு, குளிர்காலம் முழுக்கச் சுழலுக்குள் காற்று மெல்லக் கீழிறங்கி, மேலேயிருந்து புது ஓசோனைக் கொண்டுவருகிறது. ஒரு பக்கம் செலவாகிக்கொண்டே இருக்கும்போது மறுபக்கம் வரவு வந்தால், கையிருப்பை மட்டும் பார்த்து எவ்வளவு செலவானது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு 1990-களில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஓசோன்சாண்ட் என்ற கருவி ஒரு பலூனில் தொங்கும். உள்ளே சின்ன பம்ப் ஒன்று, பொட்டாசியம் அயோடைடு கரைசல் உள்ள ஒரு கலம், அவ்வளவுதான். பம்ப் வெளிக்காற்றை இழுத்துக் கரைசலில் குமிழியாக விடும். ஓசோன் வினைபுரியும் அளவுக்கு ஏற்ப மின்னோட்டம் ஓடும். பலூன் 30 கிலோமீட்டருக்கும் மேலே போய் வெடிக்கும்வரை அந்த எண் தரைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு நிலையத்தில் அளந்த காற்று அடுத்த சில நாட்களில் எங்கே போகும் என்று காற்றுத் தரவை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தக் காற்று வேறொரு நிலையத்தை நெருங்கும்போது, இப்போது பலூன் விடுங்கள் என்று அங்கே தகவல் போகும். அதே காற்றை இரண்டாம் முறை அளப்பார்கள். இதற்கு ‘மேட்ச்’ முறை என்று பெயர். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் வேதிவினையின் கணக்கு. அந்தக் காற்று வெயிலில் இருந்த மணிநேரத்தைப் பொறுத்தே இழப்பு கூடியது. இருட்டில் இழப்பு தென்படவில்லை.

கணினி மாதிரியில் செய்வது வேறு தந்திரம். ஓசோனை இரண்டு முறை வைப்பார்கள். ஒன்று வினைபுரியும். மற்றது காற்றோடு போகுமே தவிர எதனோடும் சேராது. செயற்கைக்கோள் அளந்ததை அந்த இரண்டாவதிலிருந்து கழித்தால் அழிந்தது எவ்வளவு என்று கிடைத்துவிடும். ஆர்க்டிக்கில் 2011-இல் 18 முதல் 20 கிலோமீட்டர் உயரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஓசோன் அழிந்ததாகக் கணக்கிட்டார்கள்.

ஆனால் இந்தக் கணினி மாதிரி, ஆய்வகத்தில் எடுக்கும் அளவீடுகளை நம்பி நிற்கிறது. குளோரின் ஓசோனைத் தின்னும்போது குளோரின் மோனாக்சைடு உண்டாகும். அதன் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து உண்டாகும் சேர்மம் வெளிச்சத்தில் உடைந்தால்தான் குளோரின் மறுபடி விடுபட்டு ஓசோனைத் தின்னும். 2007-இல் ஓர் ஆய்வகம், இந்தச் சேர்மம் நினைத்ததைவிட மிகக் குறைவாகவே ஒளியை உறிஞ்சுகிறது என்று அறிவித்தது. அது சரியென்றால் நமக்குத் தெரிந்த வினைகளால் ஓசோன் ஓட்டையை விளக்கவே முடியாது! துறையே கொஞ்சம் ஆடிப்போனது. மாதிரியில் காற்றைக் குறைசொல்ல வழியில்லை, விமானங்கள் வானில் அளந்த குளோரினும் பொய்யில்லை. கடைசியில் தைவான் உட்பட வேறு ஆய்வகங்கள் 2009 முதல் வேறு முறைகளில் அளந்தபோது பழைய புரிதலே நின்றது. 2007-இல் ஆய்வகத்தில் அளந்த பொருளில் கலந்திருந்த குளோரின் வாயுவைக் கழிப்பதில்தான் வில்லங்கம்.

சரி, ஓட்டை ஆறுகிறதா? இங்கேயும் அதே சிக்கல்தான். 2002-இல் தென் துருவச் சுழல் இரண்டாகப் பிளந்து ஓட்டை திடீரென்று சுருங்கியது. அது குணமானதன் அடையாளம் இல்லை, வானிலையின் வேலை. அதனால்தான் சாலமனின் குழு 2016-இல் வழக்கமான அக்டோபரை விட்டு செப்டம்பரைப் பார்த்தது. ஓட்டை அகலத் தொடங்கும் மாதம் அது. குளோரினின் கை அங்கே தெளிவாகத் தெரியும். செப்டம்பரில் ஓட்டை சுருங்கி வந்திருந்தது. ஆனால் 2015 அக்டோபரில் அது மிகப் பெரிதாக இருந்ததே? அந்த ஏப்ரலில் சிலியில் வெடித்த கல்புகோ எரிமலையின் துகள்களைச் சேர்த்தபோது மாதிரி அந்தப் பெரிய ஓட்டையைக் காட்டியது. துகள்களை எடுத்துவிட்டு ஓட்டினால், ஓட்டை அவ்வளவு பெரிதாகவில்லை.