மா. கிருஷ்ணன்: கொங்குநாடு சேர்த்துவைத்த தமிழ்

(தாராபுரத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனைப் பற்றித் தாராபுரத்தில் பேச என்ன பொருத்தம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிறந்தது திருநெல்வேலி, வாழ்ந்தது மயிலாப்பூர், பேர் வாங்கியதோ கல்கத்தாவிலிருந்து வந்த ஆங்கில நாளிதழில். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் தமிழில் எழுதியவை இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன என்றால், அதற்குக் கொங்குநாட்டார் மூவர் பெருங்காரணம்.

முதலில் அவர் வாழ்க்கை. 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளையாக 1912இல் பிறந்தார். குடும்பம் குடியிருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலை, அதாவது இன்றைய இராதாகிருஷ்ணன் சாலை, அக்காலத்தில் புதர் மண்டிக்கிடந்தது. நரியும் வெளிமானும் அங்கே திரிந்தன என்றால் இன்று அந்தச் சாலையில் போகிறவர்கள் நம்பமாட்டார்கள். மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் கற்பித்த பைசன், நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை வகைப்படுத்தி நூல் எழுதியவர். அவரோடு மலையேறிப் பெற்ற பயிற்சி கிருஷ்ணனுக்கு ஆயுளுக்கும் கைகொடுத்தது. பிறகு சட்டம் படித்தார். இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலர் என்று பல வேலைகள் பார்த்ததோடு, ஆடு வளர்த்தார், புறாவும் பழக்கினார்.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னை திரும்பியவர், வேறு உத்தியோகம் தேடவில்லை. 1950இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கி, 1996 பிப்ரவரி 18 அன்று இறக்கும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். மாதச் சம்பளம் இல்லாமல் பேனாவையும் கேமராவையும் நம்பி ஒருவர் இந்த நாட்டில் அப்படிப் பிழைத்தார் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. கருப்பு வெள்ளைப் படம்தான் எடுப்பார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். முதுமலைக் காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு கொல்லைப்புறத்து அணிலைப் பற்றியும் எழுதினார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தியதில்லை.

இனி நம் மூவர். மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தார். அதில் பறவைகளைப் பற்றி எழுத அவருக்குக் கிடைத்தவர் கிருஷ்ணன். பெரிய தொகுதிகளுக்குள் புதைந்துகிடந்த அந்தக் கட்டுரைகளைப் பல்லாண்டுகளுக்குப் பின் தேடி எடுத்து நூலாக்கியவர் திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன். இதழ்களில் சிதறிக்கிடந்த பிற தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்துத் தந்த சு. தியடோர் பாஸ்கரன், இதே தாராபுரத்தில் பிறந்தவர். இந்த ஊரில் கிருஷ்ணனைப் பற்றிப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

இறுதியாக ஒன்று. அயல்நாட்டு அலங்கார மரங்களை எங்கும் நட்டுவைக்கும் வழக்கத்தைக் கிருஷ்ணன் கடுமையாக எதிர்த்தார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் சொந்தச் செடிகொடிகளிலும் உயிர்களிலும்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு, மேய்ச்சலுக்கென்று விட்டுவைத்த நம்மூர்க் கொறங்காட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப்புல். மழை குறைந்த மண்ணில் காங்கயம் மாட்டையும் செம்மறியையும் இது தலைமுறைகளாகக் காப்பாற்றியிருக்கிறது. கோடையில் புல் கருகியபின் வெள்வேல் நெற்று உதிர்ந்து தீனியாகும். கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, மழைக்கு முன் ஊன்றினால் அதுவாகவே துளிர்த்துக்கொள்ளும். செலவு ஆள்கூலி மட்டும்தான். இன்று அதை வெட்டியெறிந்துவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுக்கிறோம். கம்பியில் ஓணானுக்கு என்ன வேலை, கவுதாரி எங்கே பதுங்கும்?

கிருஷ்ணனைத் தூரன் எழுதவைத்ததைப் போல, கிளுவையைப் பற்றியும் வெள்வேலைப் பற்றியும் நல்ல தமிழில் நாலு பக்கம் எழுதவைக்க இப்போது ஆள் வேண்டும். எழுதக்கூடிய தாவரவியல் ஆசிரியர்கள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. கூட்டம் முடிந்ததும் அவர்களை விட்டுவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.