அரங்குக் கதவுக்குப் பின்னால்

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மா என் கையில் நாலாக மடித்த சீட்டு ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்துப் பார்த்தேன். "கனவில் பேய் வீடு வந்தால் என்ன பலன்?" அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. இன்றைய பேச்சு அந்தச் சீட்டுக்கான பதில்.

'பலன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பல்லி விழுந்தால் பலன், கனவு கண்டால் பலன். பஞ்சாங்கத்தில் பல சமயம் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். பல்லி எங்கிருந்தோ வந்து தோளில் விழுகிற மாதிரி, கனவும் வெளியிலிருந்து நம் மேல் விழுகிறது என்று ஒரு கணக்கு. யாருக்கு விழுந்தாலும் ஒரே பலன். எனக்கு அதில்தான் சம்மதம் இல்லை. பேய் வீடு கனவில் வந்தது என்று யாராவது சொன்னால், பேயைப் பற்றி நான் கேட்பதில்லை. வீடு யாருடையது என்று கேட்பேன். நான் கேட்டவரையில், முன்பின் தெரியாத பங்களாவைச் சொன்னவர்கள் குறைவு. "எங்க வீடுதான் சார், ஆனா எங்க வீடு மாதிரி இல்லை" என்பார்கள். இருக்கிற வீட்டில் கூடுதலாக ஒரு அறை முளைத்திருக்கும். இல்லாத மாடிப்படி ஒன்று இருக்கும்.

ஒரு கப்பல் கதை சொல்கிறேன். 1909 ஆகஸ்ட். ஜெர்மனியிலிருந்து 'ஜார்ஜ் வாஷிங்டன்' என்ற கப்பல் அமெரிக்காவுக்குப் போகிறது. அதில் மனப்பகுப்பாய்வு என்ற முறையைத் தொடங்கிய 53 வயது சிக்மண்ட் ஃப்ராய்ட், ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் 34 வயது கார்ல் யுங். இருவரும் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேசப் போகிறார்கள். அந்தப் பயண நாட்களில் ஒருவர் கனவை மற்றவரிடம் சொல்லிப் பொருள் பார்ப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது.

யுங் ஒரு வீட்டுக் கனவைச் சொன்னார். இரண்டு மாடி வீடு. முன்பின் பார்த்ததில்லை, ஆனால் 'இது என் வீடு' என்று கனவிலேயே தெரிகிறது. மேல்மாடியில் நல்ல பழைய காலத்து மேஜை நாற்காலிகள், சுவரில் பழைய ஓவியங்கள். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். கீழ்த்தளம் இன்னும் பழையது, 15 அல்லது 16ஆம் நூற்றாண்டு, சிவப்புச் செங்கல் தரை, மங்கல் வெளிச்சம். கனத்த கதவு ஒன்றைத் திறந்தால் நிலவறைக்குக் கல் படிக்கட்டு. அதன் சுவரைப் பார்த்ததும் ரோமர் காலத்துக் கட்டுமானம் என்று புரிகிறது. தரையில் ஒரு கற்பலகை, அதில் ஒரு வளையம். பிடித்துத் தூக்கினால் மறுபடியும் படி. அடியில் பாறையில் குடைந்த தாழ்வான குகை. தூசி, உடைந்த பானை ஓடுகள், எலும்புகள், பாதி உளுத்துப்போன இரண்டு மண்டை ஓடுகள். விழித்துவிட்டார்.

ஃப்ராய்ட் அந்த இரண்டு மண்டை ஓடுகளை விடவே இல்லை. அவை யாருடையவை, யாருடையவை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாரோ சாக வேண்டும் என்று இவர் உள்ளுக்குள் ஆசைப்படுகிறார் என்பது அவர் சந்தேகம். யுங்குக்கு அது புரிந்துவிட்டது. சண்டை வேண்டாமென்று ஒரு பொய் சொன்னார்: "என் மனைவி, அவள் தங்கை." ஃப்ராய்டுக்கு நிம்மதி. இதற்கு முன்னால் ஃப்ராய்ட் தன் கனவு ஒன்றைச் சொல்லியிருந்தார். யுங் மேலே துருவியபோது, தன் மதிப்பு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார். ஆக, கனவுக்குப் பொருள் சொல்வதில் உலகமே கொண்டாடிய இரண்டு பேர், ஒரே பயணத்தில், ஒருவரிடம் ஒருவர் மறைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

யுங் பின்னால் அந்த வீட்டைத் தன் மனதின் அமைப்பாகவே எடுத்துக்கொண்டார். மேல்மாடி விழிப்பு மனம், கீழே போகப்போக நமக்கும் முந்தியவர்களின் மனம். எல்லோருக்கும் பொதுவான அடிமனம் என்று அவர் பேசியதற்கு இந்தக் கனவு ஒரு வாசல். யார் சரி? கனவு கண்டவர் உண்மையைச் சொல்லாதபோது பலன் சொல்கிறவர் என்ன செய்வார்!

சரி, உடம்புக்கு வருவோம். பேய் வீட்டுக் கனவில் கால் நகராது, கத்தினால் சத்தம் வராது. சில பேருக்கு நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயரே உண்டு. 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, க்ளைட்மன் என்ற தூக்க ஆராய்ச்சியாளர்கள் இருவரும் தூக்கத்தில் கண்கள் வேகமாக உருளும் ஒரு கட்டம் இருப்பதை எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். அந்தக் கட்டத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். கனவில் ஓடினால் கட்டிலிலிருந்து விழக்கூடாதே, அதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணும் மூச்சு இழுக்கும் உதரவிதானமும் மட்டும் தப்பிக்கும். அந்தத் தளர்ச்சி விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் வீடு தெரியும், மின்விசிறி தெரியும், ஆனால் விரல்கூட அசையாது. பாதிக் கனவும் அறைக்குள் வந்து நிற்கும். இந்தக் கட்டம் விடியற்காலையில்தான் நீளும். அதிலிருந்து நேராக விழிப்பதால் அந்தக் கனவு நினைவில் நிற்கிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஆச்சிமார் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

யுங்கே இதில் மாட்டினார். 1920இல் இங்கிலாந்தில் ஒரு நண்பர் அடிமாட்டு வாடகைக்கு எடுத்திருந்த கிராமத்து வீட்டில் வாரக் கடைசிகளில் தங்கினார். சமைக்க வந்த பெண்கள் பொழுது சாய்வதற்குள் ஓடிவிடுவார்கள். இரவில் துர்நாற்றம், தண்ணீர் சொட்டும் சத்தம். கடைசியில் ஒரு இரவு கண்ணைத் திறந்தால் பக்கத்துத் தலையணையில் ஒரு கிழவியின் பாதி முகம், ஒரு கண் திறந்து அவரையே பார்க்கிறது. குதித்தெழுந்து மெழுகுவத்தியை ஏற்றி, மீதி ராத்திரியை நாற்காலியில் கழித்தார். இதை அவர் அச்சில் எழுதியது 1950இல். முப்பது வருஷம்!

ஃபின்லாந்தின் உளவியல் ஆராய்ச்சியாளர் ஆன்டி ரெவோன்சுவோ 2000இல் ஒரு விளக்கம் கொடுத்தார். கனவு என்பது ஆபத்துக்கு ஒத்திகை, காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்து வருவது என்றார். புலி துரத்தும் கனவுக்கு அது பொருந்தலாம். என் கனவில் வந்த ஆச்சி வீட்டுக்கு எந்தப் புலி வந்தது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆச்சி வீடு நெல்லைப் பக்கம். தார்சா என்கிற முன்பகுதி, பட்டாசல் என்கிற கூடம், அதைத் தாண்டி நெல் கொட்டி வைக்கும் குலுக்கை இருக்கும் அரங்கு என்கிற உள்ளறை. ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. கனவில் நான் பட்டாசலில் நிற்பேன். அரங்குக் கதவு சாத்தி நாதாங்கி போட்டிருக்கும். உள்ளே யாரோ மரக்காலால் நெல் அளக்கிறார்கள். சரசரவென்று கொட்டும் சத்தம். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது ஆச்சியின் வழக்கம், அந்தக் கால வழக்கம். மூன்றோடு நிற்கும். மறுபடி "லாபம்..." நான் ஓடப் பார்ப்பேன், கால் வராது.

ஆச்சி போய் இரண்டாம் வருஷம் அந்த வீடு பாகம் பிரிந்தது. அப்பா தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். சித்தப்பா அன்று வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கனவு அந்த மாதம்தான் ஆரம்பித்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. கதவுக்குப் பின்னால் அளந்துகொண்டிருந்தது எதை என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும்?

சீட்டு கொடுத்த அம்மாவுக்கு, செய்து பார்க்கக்கூடிய ஒன்று. கெட்ட கனவைப் பகலில் எழுதி, அதில் விரும்பியபடி ஏதாவது ஒன்றை மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் சில நிமிஷம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்குப் பின் கெட்ட கனவால் வதைபட்ட 168 பெண்களிடம் தூக்க மருத்துவர் பேரி க்ராக்கோவும் உடன் இருந்தவர்களும் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவு குறைந்தது. கனவு தூக்கத்தையே கெடுக்கிறது, படுக்கவே பயமாக இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேப்பிலை அடிப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு அடித்துக்கொள்ளலாம்.

நானும் எழுதினேன். நாதாங்கியை எடுப்பதாக எழுதத் துணிச்சல் வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மூணு" என்று கேட்டதும் "நாலு" என்று நான் சொல்வதாக மட்டும் மாற்றினேன். மூன்று வாரம் தினமும் ராத்திரி அதை ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் கனவு வந்தது. நான் சொன்னேனா என்று நினைவில்லை. உள்ளே எண்ணிக்கை மூன்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பதினேழில் விழித்துவிட்டேன். மணி நாலரை, தெருவில் பால்காரர் சைக்கிள் சத்தம். அதற்கப்புறம் அது வரவே இல்லை. மொத்தம் எத்தனை மரக்கால் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான்.