வால்பாறைச் சாலையில் பிஸ்கட் நீட்டாதீர்கள்

அவையோருக்கு வணக்கம். விடுமுறை வருகிறது. உங்களில் பாதிப் பேர் வால்பாறைக்கு வண்டி பேசியிருப்பீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். எப்படிப் போகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் இறங்கி அணையைப் படம் எடுப்பார்கள். நீங்கள் பாறைப் பக்கம் திரும்புங்கள். வரையாடு நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஆடு, நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்குமே 1,031தான். முதிர்ந்த கிடாவுக்கு உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளுத்திருக்கும். சில நேரம் சாலையோரச் சுவர்மேலேயே வந்து நிற்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டாதீர்கள். பிஸ்கட்டும் வேண்டாம்.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு. மரத்தை விட்டு இறங்கவே விரும்பாத பிராணி. அதைத் தரைக்கு இழுத்து டயருக்கு முன்னால் நிறுத்தியதில் நம் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் பங்குண்டு. அது அடிபடாமல் கடக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே நாம் கார் ஜன்னலைத் திறந்து வாழைப்பழம் காட்டுகிறோம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

“புலி பார்த்தீர்களா?” என்றுதான் ஊரில் கேட்பார்கள். புலியை விடுங்கள். நான் வியப்பது யானை விஷயத்தில் வால்பாறை செய்திருக்கும் ஏற்பாட்டை. நூறு வருடத்துக்கு முன்பே காட்டை வெட்டித் தேயிலை போட்டுவிட்டோம். யானை தன் பழைய தடத்தை விடவில்லை. இருட்டியபின் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு நடுவே வரும். இருட்டில் எதிர்பாராமல் எதிரே போய் நின்றால்தான் ஆபத்து. அதனால் யானை நிற்கும் இடம் தொழிலாளர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. உள்ளூர் கேபிள் டிவியிலும் ஓடுகிறது. முக்கியமான இடங்களில் கம்பத்தின்மேல் சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை இருந்தால், பொறுப்பேற்ற உள்ளூர்க்காரர் செல்போனிலிருந்தே அதை எரியவிடுவார்.

அந்த விளக்கு எரியும்போது “லாட்ஜில் ரூம் போட்டாச்சு, சட்டென்று போய்விடலாம்” என்று டிரைவரை விரட்டாதீர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளிக்கும் அதுதான் வழி. அவரும் நின்றுதான் போகிறார்.